கிரேனின் மூன்று விரல்கள்

என் அத்தான் ஐம்பத்திரண்டாவது வயதில் கஷாயத்துக்கும் ஊறலுக்கும் வித்தியாசம் கற்றுக்கொண்டார். அதனால் மூன்று மாதம் அந்த வீட்டில் யாராலும் நிம்மதியாக ஒரு டீ குடிக்க முடியவில்லை.

"இது கொதிக்க வெச்சதா, வெந்நீர் ஊத்தி மூடி வெச்சதா?" என்பார் டம்ளரைக் கையில் வாங்கியதும்.

"டீ" என்பாள் அக்கா.

"டீன்னு எனக்கும் தெரியுது. கொதிக்க வெச்சிருந்தா அது கஷாயம். மேல வெந்நீர் ஊத்தி மூடி வெச்சிருந்தா ஊறல். எது?"

"ஆறிப்போனா ரெண்டையும் சிங்க்லதான் கொட்டணும். குடிங்க முதல்ல."

அவள் கோபப்படுவதுபோல் நடிப்பாள். உள்ளுக்குள் அவளுக்குச் சந்தோஷம். அதற்கு முந்தைய ஆறு மாதமாக அந்த மனிதர் வாயைத் திறந்து பேசியதே இல்லை.

அத்தான் இருபத்துநாலு வருஷம் தானியக் கிடங்கில் மூட்டை தூக்கியவர். கிடங்கில் அவருக்குப் பெயர் கிரேன். இரண்டு ஆள் பிடிக்கிற மூட்டையை ஒற்றை ஆளாகத் தோளில் ஏற்றி, லாரியின் பலகையில் ஓசைப்படாமல் இறக்குவார். அவர் கையைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். மற்றவர்களுக்கு விரல் இருக்கிற இடத்தில் அவருக்கு வெள்ளரிப் பிஞ்சு முளைத்திருக்கும். என் கல்யாணத்தில் அவருக்கு மோதிரம் போடலாம் என்று ஆசைப்பட்டு நான் மூன்று கடை ஏறி இறங்கியதுதான் மிச்சம். கடைசியில் கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தேன், அதற்கும் வார் எட்டவில்லை.

அப்படிப்பட்டவருக்கு ஒருநாள் முதுகில் சுளீரென்று ஏதோ பிடித்தது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இனிமே ஒரு குடம் தண்ணிகூடத் தூக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். அன்றோடு கிடங்கு முடிந்தது. வீட்டில் உட்கார்ந்தார். முதல் மாதம் சமையலறை டப்பாக்களை எல்லாம் உயர வரிசைப்படி அடுக்கி வைத்து அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். இரண்டாம் மாதத்திலிருந்து அதுவும் செய்யவில்லை. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். சாப்பிட வாருங்கள் என்றால் வருவார், போதுமா என்றால் போதும் என்பார். அக்கா என்னிடம் வந்து, "அவர் பேசாம இருக்கிறதுதான்டா எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

நான் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் கடைக்கு நேர் எதிரே மூலிகை மருந்துக் கடை. அவர்களுக்கு லேபிள் அச்சடித்துக் கொடுப்பது நான்தான். கடைக்காரம்மாவுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. முறையாகப் படித்தவர். ஒடிசலான உருவம், பள்ளிப் பிள்ளைக்கு இருப்பதுபோலச் சின்னக் கைகள், அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத அதிகாரக் குரல். அவரிடம் அத்தானைப் பற்றிச் சொன்னேன்.

"பொட்டலம் கட்டுற மேஜையில மூணு மாசத்துக்கு ஆள் வேணும். அதுக்கப்புறம் மெஷின் வந்துடும், அங்க வேலை இருக்காது" என்றார். "ஆனா அதே சமயத்துல என் கவுன்ட்டர்காரரும் வேற ஊருக்குப் போறாரு. உங்க அத்தான் மூணு மாசத்துல வார்த்தைகளைக் கத்துக்கிட்டா கவுன்ட்டர் அவருக்கு. இருபது கேள்வி கேட்பேன். பதினாறு கேள்விக்காவது சரியான பதில் வரணும். வரலைன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்குவேன். முகதாட்சண்யம் எல்லாம் என்கிட்ட கிடையாது, இப்பவே சொல்லிட்டேன்."

கவுன்ட்டர் இல்லையென்றால் மறுபடியும் அந்த ஜன்னலோர நாற்காலி. இது எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும், அத்தானுக்கும் தெரியும்.

ஆரம்பத்தில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. கடையின் பின்னறையில் வாரம் இரண்டு மதியம் கடைக்காரம்மா புதியவர்களுக்கு வகுப்பு எடுப்பார். அத்தானோடு சேர்த்து ஏழு பேர். மற்ற ஆறு பேரும் நோட்டில் பல வண்ணப் பேனாவால் எழுதுகிறவர்கள். அத்தான் எழுத உட்கார்ந்தால் பேனா அவர் விரலுக்குள் காணாமல் போய்விடும். சூரணம் என்றால் இடித்துச் சலித்த பொடி. லேகியம் என்றால் பாகில் கிளறி, நக்கிச் சாப்பிடும் பதத்தில் எடுப்பது. தைலம் எண்ணெயில் காய்ச்சுவது. பற்று என்பது அரைத்து மேலே பூசுவது, ஒற்றடம் என்பது சூடாக்கித் துணியில் முடிந்து ஒற்றி எடுப்பது. இதையெல்லாம் முதல் வாரம் கேட்டுவிட்டு வந்து, "மாப்ளே, இதுக்கு மூட்டையே தேவலை. அது தூக்கினா வருது, இறக்கினா போகுது. இது உள்ள போகவே மாட்டேங்குது" என்றார்.

பிறகுதான் அவருக்கு ஒரு வழி கிடைத்தது. வார்த்தைகளை நோட்டில் தேடாமல் வீட்டில் தேட ஆரம்பித்தார். அக்கா ஞாயிற்றுக்கிழமை முகத்தில் கடலைமாவைக் குழைத்துப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, நான் உள்ளே நுழைந்ததும், "பார்த்தியா மாப்ளே, உங்க அக்கா பற்று போட்டிருக்கா" என்றார். தன் முதுகுக்கு அவள் வைக்கும் உப்பு மூட்டையை, "ஒற்றடம் ரெடியா?" என்று கேட்டு வாங்கினார். அக்காவும் சளைத்தவள் இல்லை. மருந்து சாப்பிடும் காலத்தில் இன்னின்னது சாப்பிடக் கூடாது என்பதற்குப் பத்தியம் என்று பெயர் என அவர் பெருமையாக விளக்கிய அன்றே, இனிப்பு டப்பாவை எடுத்துப் பூட்டி வைத்துவிட்டாள். கேட்டதற்கு, "பத்தியம்" என்றாள். சொல்லிக் கொடுத்ததே அவர்தானே.

அவர் திணறியது ஒரே ஒரு வார்த்தையில்தான். அனுபானம். மருந்தைத் தேனிலோ பாலிலோ வெந்நீரிலோ கலந்து கொடுக்கிறோம் இல்லையா, அந்தத் தேனுக்கும் பாலுக்கும் வெந்நீருக்கும் பொதுப் பெயர். அது மருந்தா இல்லையா என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் வகுப்பில் கை தூக்கினாராம். "அம்மா, மருந்து சரக்கு. அனுபானம் லாரி. சரக்கு போய்ச் சேர வேண்டிய இடத்துல அதைச் சேர்க்கிறது லாரி. ஆனா லாரியை யாரும் சரக்குன்னு சொல்ல மாட்டாங்க. சரிதானுங்களா?" கடைக்காரம்மா, "அண்ணே, இனிமே நானும் இப்படித்தான் சொல்லிக் கொடுக்கப்போறேன்" என்றாராம். அன்று அத்தான் என் கடை வாசலில் நின்று இந்தக் கதையை மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை லாரிக்குப் பத்து சக்கரம் வந்திருந்தது.

இப்படியாக இரண்டே முக்கால் மாதம் நன்றாகப் போனது. பரீட்சை ஒரு வியாழக்கிழமை என்று முடிவானது. அந்த வாரம் திங்கட்கிழமைதான் வினை வந்தது.

பக்கத்துத் தெருவில் தையற்கடை வைத்திருக்கும் அம்மாவுக்கு மலச்சிக்கல். நாள் முழுக்க மெஷின் முன்னால் உட்கார்ந்தே இருப்பவருக்கு வராமல் என்ன செய்யும்? கடைக்காரம்மா அவரை விசாரித்துவிட்டு ஒரு சீட்டு எழுதினார். நிலாவாரைச் சூரணம், திரிகடி, ஏழு பொட்டலம், மாலையில் வெந்நீரோடு. நிலாவாரை பேதியாக்கும் இலை. திரிகடி என்பது ஓர் அளவு. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றையும் சேர்த்து எடுத்தால் எவ்வளவு வருமோ அவ்வளவு. இந்த மாதிரிப் பொட்டலத்தை வழக்கமாகக் கவுன்ட்டர்காரர் கட்டுவார். அன்றைக்கு அவர் புது வீடு பார்க்கப் போயிருந்ததால் சீட்டு அத்தானின் மேஜைக்கு வந்தது. அத்தானுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. படித்ததைச் செய்து பார்க்க முதல் வாய்ப்பு. மூன்று விரலையும் சேர்த்தார், எடுத்தார், மடித்தார். ஏழு பொட்டலமும் அச்சில் வார்த்ததுபோல ஒரே அளவு.

புதன்கிழமை காலையில் நான் லேபிள் கட்டோடு மருந்துக் கடைக்குள் நிற்கிறேன். தையற்காரம்மா உள்ளே வந்தார். முகம் வாடி, கண் உள்ளே போயிருந்தது. குரல் மட்டும் முழு பலத்தோடு இருந்தது. மிச்சமிருந்த ஆறு பொட்டலத்தையும் கவுன்ட்டர் மேல் எறிந்தார்.

"பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு நாற்பது உடுப்பு தைக்கணும் எனக்கு. நேத்து முழுக்க நான் உட்கார்ந்த இடம் மெஷின் முன்னால இல்ல. எங்கன்னு நீங்களே புரிஞ்சுக்கோங்க!"

கடைக்காரம்மா அவரை உட்கார வைத்தார். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை ஒரு பெரிய டம்ளர் நிறையக் குடிக்க வைத்தார். நாடி பார்த்தார். பயப்பட ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் கேட்டார். "சீக்கிரம் சரியாகட்டும்னு ரெண்டு பொட்டலத்தைச் சேர்த்துப் போட்டீங்களா?"

"ஒண்ணுதான் போட்டேன்."

"பல பேரு அப்படிச் செய்வாங்க, தப்பில்ல. உண்மையைச் சொன்னாத்தான்..."

"ஒண்ணுதாங்க போட்டேன்! என் புருஷனும் இதையேதான் கேட்டாரு, என் பொண்ணும் இதையேதான் கேட்டா. இப்ப நீங்களும் கேட்கிறீங்க. ஒரு பொட்டலத்தை எண்ணத் தெரியாதவளா நான்?" என்றவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். ஏழில் ஆறு மிச்சமிருக்கிறதே, ஒன்றைத்தானே சாப்பிட்டிருக்க முடியும் என்ற கணக்கு அந்த நேரத்தில் எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. வீட்டில் வேறு பேதி மருந்து எதையோ கூடச் சேர்த்துச் சாப்பிட்டிருப்பார் என்று கடைக்காரம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே போனார்.

அத்தான் மட்டும் கவுன்ட்டர் அருகே வந்து, கிடந்த பொட்டலங்களில் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். இருபத்துநாலு வருஷம் எடை சுமந்த கை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு கவுன்ட்டர்காரர் போன வாரம் கட்டி வைத்திருந்த அதே சூரணப் பொட்டலம் ஒன்றை இழுப்பறையிலிருந்து எடுத்து, இன்னொரு கையில் வைத்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

நேராகத் தெருவைக் கடந்து என் கடைக்கு வந்தார். நானும் பின்னாலேயே வந்தேன்.

"மாப்ளே, என் திரிகடி பெருசு" என்றார். தன் மூன்று விரலையும் சேர்த்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். நான் பார்த்தேன். அந்த விரல்களுக்கு நடுவே ஒரு எலுமிச்சம்பழம் தாராளமாக உட்காரும். எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் அவரைப் பிடித்து உட்கார வைத்து, "அத்தான், வாயை மூடிட்டு இருங்க. நாளைக்குப் பரீட்சை. அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆகல, நாளைக்குள்ள தேறிடுவாங்க. மீதிப் பொட்டலத்தை நான் எடுத்துத் தூரப் போட்டுடறேன். கவுன்ட்டர்ல உட்கார்ந்த பிறகு நிதானமாச் சொல்லிக்கலாம்" என்றேன். என் மனதில் இருந்தது அந்த ஜன்னலோர நாற்காலி. அக்காவின் முகம். வேறு எதையும் நான் யோசிக்கவில்லை. இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அவர் கோபப்படவில்லை. "அந்தம்மா பொய் சொல்றாங்கன்னு அவங்க வீட்ல எல்லாரும் நினைச்சுட்டு இருக்காங்க மாப்ளே" என்று மட்டும் சொன்னார். எழுந்து போய்விட்டார்.

நானும் பின்னாலேயே ஓடினேன். கடைக்காரம்மா பின்னறையில் எதையோ சலித்துக்கொண்டிருந்தார். அத்தான் அவர் முன்னால் போய் நின்று, இரண்டு பொட்டலத்தையும் மேஜையில் வைத்து, "அம்மா, அவங்க ஒண்ணுதான் போட்டிருக்காங்க. தப்பு என்மேல. என் கை பெருசுங்க" என்றார்.

கடைக்காரம்மா டிஜிட்டல் தராசை இழுத்து இரண்டையும் எடை போட்டார். அத்தானின் பொட்டலம் இரண்டரை மடங்கு. கடைக்காரம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "ஏண்ணே, வார்த்தையைக் கத்துக்கிட்டா போதுமா? பொட்டலத்தைப் பார்த்தா தெரியலையா? ஒரு தடவை தராசுல வெச்சுப் பார்த்திருக்கலாமில்ல? இது நிலாவாரையாப் போச்சு. வேற ஏதாவதா இருந்திருந்தா? அந்தம்மாவுக்குப் பதிலா ஒரு வயசானவங்களா இருந்திருந்தா?" என்று பிடி பிடியென்று பிடித்தார். அத்தான் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஆறடி மனிதர் அந்தச் சின்ன அறையில் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. ஆனாலும் கடைக்காரம்மா சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

திட்டி முடித்த பிறகு கடைக்காரம்மா என்ன நினைத்தாரோ, தன் மூன்று விரலால் அதே சூரணத்தை எடுத்துத் தராசில் போட்டார். எண்ணைப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "நீங்க எடுங்க" என்றார். நான் எடுத்தேன். எனக்கு வேறு எண். அத்தானை எடுக்கச் சொன்னார். அவருக்கு வேறு எண். ஒரே சூரணம், மூன்று பேர், மூன்று அளவு. கடைக்காரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"பத்து வருஷமா வகுப்பு எடுக்கிறேன்" என்றார், இப்போது குரலில் அதிகாரம் இல்லை. "மூணு விரல்னு சொல்லிக் கொடுத்தேன். யாரோட விரல்னு நான் சொன்னதே இல்ல. ஒருத்தரும் கேட்டதும் இல்ல. எல்லாருக்கும் என் கை மாதிரியே இருக்கும்னு நினைச்சுட்டேன் போல." கொஞ்சம் பொறுத்து எழுந்தார். "வாங்கண்ணே, அவங்க கடைக்குப் போவோம். நீங்களே சொல்லுங்க. நான் கூட நிக்கிறேன்."

தையற்காரம்மா கழுத்தில் டேப்பும் வாயில் ஊசியுமாக, பாதி தைத்த உடுப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். அவர் புருஷன் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். அத்தான் வாசற்படியிலேயே நின்று, எந்தப் பூச்சும் இல்லாமல் நடந்ததைச் சொன்னார். தையற்காரம்மா ஊசியை வாயிலிருந்து எடுத்தார். அவ்வளவுதான், பெருமழை. அத்தானுக்கு, கடைக்காரம்மாவுக்கு, எனக்கு என்று ஆளுக்கு ஒரு பங்கு கிடைத்தது. நான் எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மழை விட்டதும் அவர் புருஷன் பக்கம் திரும்பினார்.

"கேட்டீங்களா? காது குளிரக் கேட்டீங்களா? ஒண்ணுதான் போட்டேன்!"

புருஷன் பொத்தானிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை ஆட்டினார்.

"வாயால சொல்லுங்க."

"ஒண்ணுதான் போட்டே" என்றார் அவர்.

தையற்காரம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. "வீட்ல இருக்கிறவங்களே நம்பல. இவரு வந்து சொன்னாரு பாருங்க" என்று சொல்லிவிட்டு, எங்கள் மூன்று பேருக்கும் உட்கார இடம் தேடினார். எல்லா நாற்காலியிலும் உடுப்பு கிடந்ததால் நின்றுகொண்டே ஆளுக்கு ஒரு டம்ளர் டீ குடித்தோம். அத்தான் அது கஷாயமா ஊறலா என்று கேட்கவில்லை. அவர் மனசு அங்கே இல்லை.

மறுநாள் பரீட்சை நடந்தது. ரத்து செய்துவிடுவார் என்று நான் பயந்தேன், செய்யவில்லை. பின்னறைக் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கடைக்காரம்மா கேள்விமேல் கேள்வி கேட்டார், அத்தான் பதில் சொன்னார், ஒவ்வொன்றுக்கும் கடைக்காரம்மா தன் நோட்டில் ஏதோ குறித்தார். முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. வெளியே வந்த அத்தானிடம் எத்தனை சரி என்று கேட்டேன். "பத்தொன்பது வந்திருக்கும். லேகியத்துக்குப் பாகு பதம் எப்படிப் பார்க்கிறதுன்னு கேட்டாங்க, அதுல மட்டும் உளறிட்டேன்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. "ஆனா அதுல என்ன இருக்கு மாப்ளே. வார்த்தை வந்தா மட்டும் போதாதுன்னு நேத்தே சொல்லிட்டாங்களே. நாளைக்குச் சொல்றேன்னாங்க. பார்ப்போம்." வீட்டுக்குப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாராம். அக்கா என்னைப் போனில் கூப்பிட்டு, சத்தம் வெளியே கேட்காமல், "மறுபடியும் அங்கேயே உட்கார்ந்துட்டாருடா" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அத்தான் எப்போதும் போலப் பொட்டல மேஜைக்குப் போனார். மேஜையில் ஒரு புதுத் தராசு இருந்தது. எனக்கும் உத்தரவு வந்தது, இனி எந்த லேபிளிலும் திரிகடி என்று வரக் கூடாது, கிராமில்தான் அச்சடிக்க வேண்டும் என்று. பழைய லேபிள் இரண்டாயிரம் என்னிடம் வீணாய்க் கிடந்தது. இதெல்லாம் சரி, அத்தானைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. கடைக்காரம்மா கவுன்ட்டரில் நின்று மருந்து கொடுத்துக்கொண்டே இருந்தார். பத்து மணி ஆனது, பதினொன்று ஆனது. நான் தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரே பக்கத்தை ஐந்து தடவை ஜெராக்ஸ் எடுத்துவிட்டேன்.

பதினொன்றரைக்குத் தையற்காரம்மா டேப்பைச் சுழற்றிக்கொண்டு மருந்துக் கடைக்குள் நுழைந்தார். மறுபடியும் என்ன வம்போ என்று நான் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். அவர் நேராகப் பொட்டல மேஜைக்குப் போய், "எழுந்து நில்லுங்க" என்றார் அத்தானிடம்.

"எதுக்குங்க?"

"கவுன்ட்டர்ல நிக்கிறவங்களுக்கு வெள்ளைக் கோட்டு உண்டாமே. உங்க அளவுக்கு ரெடிமேடு எங்கேயும் கிடைக்கலைன்னு இவங்க சொன்னாங்க. கையை நீட்டுங்க. பயப்படாதீங்க, நான் டேப் வெச்சுத்தான் அளப்பேன், விரலால இல்ல."

அத்தான் கடைக்காரம்மாவைப் பார்த்தார். கடைக்காரம்மா யாருக்கோ இஞ்சிச் சூரணம் நிறுத்துக்கொண்டிருந்தார். தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், "ரெண்டு கோட்டா தைங்க. ஒண்ணைத் துவைச்சா இன்னொண்ணு வேணுமில்ல" என்றார்.

அத்தான் எழுந்து நின்று இரண்டு கையையும் நீட்டினார். நீட்டியபடியே திரும்பித் திரும்பிக் கவுன்ட்டரைப் பார்த்தார். தையற்காரம்மா, "ஆடாதீங்க, அளவு தப்பிடும்" என்று அதட்டினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெளியே வந்து அக்காவைப் போனில் கூப்பிட்டேன்.

"அவருக்குக் கோட்டு தைக்க அளவெடுக்கிறாங்கக்கா. கவுன்ட்டர் கோட்டு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"கை நீளமா வைக்கச் சொல்லுடா" என்றாள் பிறகு. "அவருக்கு எந்தச் சட்டையும் மணிக்கட்டு வரைக்கும் வந்ததே இல்ல."